தூண்டில் பக்கம்: மீன் காலடியில் இருக்கிறது

படகு இல்லாமல் கடற்பாலத்திலும் அலைத்தடுப்புக் கற்களிலும் மணற்கரையிலும் நின்று தூண்டில் போடுவோர் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை எந்த ராடு வாங்குவது, எந்த ரீல் வாங்குவது என்று கேட்பவை. அவற்றுக்கெல்லாம் தனித்தனியே எழுத இடமில்லை. முதல் கேள்விக்குரிய பதிலையே அவர்களும் தங்களுக்கு எழுதியதாகக் கொள்ளலாம்.

ஐயா, பதினைந்தாயிரம் ரூபாய் செலவழித்து 12 அடி ராடும் பெரிய ரீலும் வாங்கினேன். 80 மீட்டர் வரை வீச முடிகிறது. ஆனால் மூன்று மாதங்களில் இரண்டு கெளுத்தியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. எனக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பெரியவர் ஒருவர், ராடு இல்லாமல் கைத்தூண்டிலை இருபது மீட்டருக்குள் வீசி, நாள்தோறும் பை நிறையக் கிழங்கான் கொண்டுபோகிறார். நான் எங்கே தவறுகிறேன்?
— பெசன்ட் நகர் வாசகர், சென்னை

விடையைத் தாங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பெரியவர் இருபது மீட்டருக்குள் வீசுகிறார். தாங்கள் மீனைத் தாண்டி வீசுகிறீர்கள்.

நம் கிழக்குக் கடற்கரையின் மணற்பாங்கான இடங்களில் கடலடி ஒரே சரிவாக இறங்கிப் போவதில்லை. கரையை ஒட்டி ஒரு பள்ளம், அதற்கு அப்பால் நீருக்குள் மூழ்கிய ஒரு மணல்மேடு, அதற்கும் அப்பால் ஆழம் என்று ஏறி இறங்கித்தான் போகும். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமுள்ள நீருக்கு வந்ததும் உடைந்துவிடும் என்பதால், ஒரு மீட்டர் உயர அலை தொலைவில் உடைந்து நுரைக்கிறது என்றால் அங்கே ஒன்றேகால் மீட்டர் தண்ணீர்தான் இருக்கிறது என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடலாம். அதே அலை உடைந்தபின் அடங்கி, மறுபடியும் கரையோரத்தில் எழுந்து உடைகிறதென்றால், இரண்டுக்கும் நடுவில் ஆழமான பள்ளம் இருக்கிறது என்று பொருள். அலை கிளறிவிடும் புழுக்களும் சிறு நண்டுகளும் இறால் குஞ்சுகளும் அந்தப் பள்ளத்தில்தான் வந்து சேர்கின்றன. அவற்றைத் தின்னும் கிழங்கானும் அங்கேதான் மேய்கிறது. தங்கள் 80 மீட்டர் வீச்சு, என் கணிப்பில், மணல்மேட்டின் முதுகின் மீதோ அதற்கு அப்பாலோ போய் விழுகிறது.

ஒரு நாள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, நீர் வற்றியிருக்கும் காலை நேரத்தில் கரைக்குச் சென்று அரைமணி நேரம் அலையை மட்டும் பாருங்கள். நீர் எங்கே கருத்திருக்கிறது, எங்கே அலை உடையாமல் ஓர் இடைவெளி விட்டுப் போகிறது, கரைக்கு வந்த தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியின் இரு ஓரங்களும் தூண்டிலுக்கு நல்ல இடங்கள். குளிப்பவர்களை இழுத்துச் செல்லும் நீரோட்டமும் அதே இடைவெளியில்தான் ஓடுகிறது என்பதால், அங்கே தூண்டில் இறங்கலாம். தாங்கள் இறங்கக் கூடாது.

பிறகு 6 அல்லது 8 எண் கொண்ட சிறிய தூண்டில் முள், அலையில் மெல்ல உருண்டு நகரும் அளவுக்கு 30 கிராம் ஈயம், தோல் உரித்த இறாலில் விரல்நுனி அளவு ஒரு துண்டு ஆகியவற்றைக் கொண்டு, முதல் வீச்சைப் பத்து மீட்டருக்குள் போடுங்கள். முழங்கால் நனைய நீருக்குள் இறங்கி நின்றுகொண்டு அங்கிருந்து தொலைவுக்கு வீசுகிறவர், மீன் நின்ற இடத்தில் தம் காலை வைத்துக்கொண்டு மீன் இல்லாத இடத்தில் இரையைப் போடுகிறார். இதை நானே பல ஆண்டுகள் செய்திருக்கிறேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

ராடு வாங்கப் போகிறவர்களுக்கு: மணற்கரைக்கு 9 அடி ராடும், 4000 அளவு ரீலும், 20 பவுண்டு, அதாவது 9 கிலோ, தாங்கும் தூண்டில் நரம்பும் போதும். மீதிப் பணத்தை நல்ல முள்ளுக்கும் புதிய நரம்புக்கும் செலவிடுங்கள்.

முள்ளின் எண்களில் குழப்பமாக இருக்கிறது. 6 என்றால் சிறியதும், 6/0 என்றால் பெரியதும் கொடுக்கிறார்கள். ஏன்?
— கடலூர் வாசகர்

முள்ளின் அளவுக்கு நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. வெறும் எண்ணாக இருக்கும்போது எண் கூடக்கூட முள் சிறிதாகும். 10-ஐவிட 6 பெரியது, 6-ஐவிட 1 பெரியது. அந்த 1-க்கு மேலே 1/0, 2/0, 3/0 என்று போகும்போது எண் கூடக்கூட முள்ளும் பெரிதாகும். கிழங்கானுக்கு 6 அல்லது 8, பாறை மீனுக்கு 1/0 முதல் 3/0, பெரிய கொடுவாவுக்கு 4/0 முதல் 6/0 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சற்று மாறும் என்பதால், கடையில் எண்ணைக் கேட்பதோடு முள்ளையும் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறார்கள். இது நம்பிக்கையா, உண்மையா? நாள்காட்டியைப் பார்த்து மீன் பிடிக்கப் போகலாமா?
— சிதம்பரம் வாசகர்

தாராளமாகப் போகலாம், சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி தூண்டில்காரருக்குச் செலவில்லாத ஓதப் பட்டியல், அதாவது கடல் ஏறி வற்றுவதைக் காட்டும் பட்டியல். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கதிரவனும் நிலவும் புவியும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைவதால் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுகின்றன. அட்டமியை ஒட்டி, அதாவது அரைநிலா நாட்களில், இரண்டின் இழுப்பும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஏற்ற இறக்கம் குறைந்துவிடுகிறது. அட்டமியிலும் நவமியிலும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள் அல்லவா, தூண்டில்காரர்களில் பலரும் அந்த நாட்களில் வீட்டிலிருந்து முள் கட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் மட்டும் வேறு.

நிலவு தானாக மீனுக்குப் பசியை உண்டாக்குவதில்லை. நீர் நகர்வதுதான் முக்கியம். நீர் நகரும்போது இரை நகர்கிறது. இரை நகரும் வழியில் பெரிய மீன் காத்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் பெரிய ஓத நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். ஆகவே திறந்த மணற்கரையில் அதன் விளைவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் முகத்துவாரத்திலும் பாலத்தின் அடியிலும் அதே ஒரு மீட்டர் நீர் குறுகிய வழியாகப் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால் இழுப்பு மிக வலுவாக இருக்கும். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே கொள்ளிடமும் வெள்ளாறும் கடலில் கலக்கின்றன. நான் சொல்வதை அங்கே சென்று கண்ணால் காணலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை வற்றமும் வருகின்றன. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருந்தால் நாளைக் காலை 6.50-க்கு இருக்கும். தங்கள் கரையில் பௌர்ணமியன்று எத்தனை மணிக்கு நீர் நிறைகிறது என்பதை ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த அமாவாசையன்றும் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் நிறையும். வெயிலைத் தவிர்க்க விரும்புகிறவர் விடியலிலோ அந்தியிலோ நீர் நகரும் நாளைத் தேர்ந்தெடுக்கட்டும். நண்பகலில் நீர் அசையாமல் நிற்கும் நாளைக் கீச்சானுக்கு இரை போட விரும்புகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

வார இறுதியில் பிடோக் ஜெட்டிக்குச் செல்கிறேன். பாலத்தின் நுனியில் இடம் பிடிக்க விடியுமுன்பே கூட்டம் வந்துவிடுகிறது. நுனி கிடைக்காத நாளில் வீடு திரும்பிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?
— சிங்கப்பூர் வாசகர்

திரும்ப வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள அந்த ஜெட்டி 1966-இல் கட்டப்பட்டது. சுமார் 250 மீட்டர் நீளம். அத்தனை நீளத்தையும் தாங்கி நிற்கும் தூண்களை விட்டுவிட்டு அனைவரும் நுனிக்கே ஓடுவதை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

கடற்பாலம் மீனுக்குத் தருவது தூண், நிழல், இரவில் விளக்கு. முதலில் தூணைப் பாருங்கள். சில ஆண்டுகள் நீரில் நின்ற தூணில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிரும் ஆளிச் சிப்பியும் பாசியும் படர்ந்துவிடுகின்றன. அவற்றைச் சுரண்டித் தின்னும் சிறு மீன்களும் நண்டுகளும் தூணைவிட்டு அகலுவதில்லை. அத்துடன், நீரோட்டம் தூணில் மோதிப் பிரியும்போது அதன் பின்புறத்தில் நீர் மந்தமாகச் சுழலும் ஓரிடம் உண்டாகிறது. கலவா போன்ற மீன், இழுப்பை எதிர்த்து நீந்திக் களைக்காமல், அந்த மறைவில் நின்றுகொண்டு மிதந்து வரும் இரையைக் கவ்விக்கொள்கிறது. அதனால் தூணின் எந்தப் பக்கம் என்பது முக்கியமாகிறது: நீர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில், தூணுக்கு ஒரு முழம் தள்ளி, இரையை நேராகக் கீழே இறக்குங்கள். ஓதம் திரும்பினால் மீன் தூணின் மறுபக்கத்துக்கு மாறிவிடும். தாங்களும் மாற வேண்டும். அரை நாள் ஒரே இடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும்.

சிங்கப்பூரில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 3 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதால், நம் சோழமண்டலக் கரையில் பழகியவர்கள் அங்கே போய்த் திணறுவதுண்டு. இழுப்பு வலுவாக இருக்கும் நேரத்தில் 100 கிராம் ஈயத்தையும் நீர் தள்ளிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, ஓதம் தளரும் முக்கால் மணி நேரத்துக்கும் மறுபடி நகரத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கும் நல்ல இரையைச் சேமித்து வைப்பது புத்திசாலித்தனம்.

இரவில் விளக்கொளி நீரில் விழும் இடத்தைப் பாருங்கள். ஒளியில் நுண்ணுயிர்கள் கூடுகின்றன, அவற்றைத் தேடிச் சிறு மீன் கூடுகிறது. அவற்றைப் பிடிக்க வரும் கணவாயும் ஊளியும் ஒளிக்குள் வராமல், ஒளி முடிந்து இருள் தொடங்கும் கோட்டில் நிற்கின்றன. வெளிச்சத்தின் நடுவில் வீசுவது வீண். இருட்டில் வீசி வெளிச்சத்தை நோக்கி இழுத்து வாருங்கள்.

பாலத்தின் மேலிருந்து மீனைத் தூக்குவதுதான் பலர் தோற்கும் இடம். நீரில் எடை தெரியாத இரண்டு கிலோ மீன், நீரைவிட்டு மேலெழும்பியதும் தன் முழு எடையோடு துள்ளி நரம்பை அறுத்துவிடும். வளையத்தில் கட்டிய வலையைக் கயிற்றில் இறக்கி, மீனை அதற்குள் செலுத்தித் தூக்குங்கள். தங்களிடம் வலை இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கடற்பாலத்தில் அதைத் தர மறுத்த எவரையும் நான் கண்டதில்லை. அதேபோல் பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய மீன் மாட்டி ஓடத் தொடங்கினால், கேட்காமலேயே தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்வது அங்குள்ள எழுதாத சட்டம். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் அப்படியே. ஜெட்டியில் குழந்தைகளும் நடக்கிறார்கள்.

புதுச்சேரியில் பழைய துறைமுகப் பாலத்தில் எஞ்சியிருக்கும் பகுதியில் ஏறித் தூண்டில் போடலாமா?
— புதுச்சேரி வாசகர்

கூடாது. 2022 மார்ச்சில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி தானாகவே இடிந்து கடலில் விழுந்ததைப் பார்த்தவர் தாங்கள். உப்புநீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்போது கம்பி பருத்து, வெளியே உள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே நடப்பவருக்கு அது தெரியாது. இடிபாட்டைச் சுற்றி மீன் சேரும் என்பது உண்மைதான். அதைக் கரையிலிருந்து வீசிப் பிடியுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் கற்களின் மேல் நின்று போடுகிறேன். மீன் மாட்டிய உடனே நரம்பு அறுந்துவிடுகிறது. 15 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் நரம்பு இரண்டு கிலோ மீனுக்கு எப்படி அறும்? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
— தூத்துக்குடி வாசகர்

கடைக்காரர்மேல் ஐயம் கொள்ளுமுன் அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படி அறுந்தது என்பதை அது சொல்லும்.

நுனி சுருள்சுருளாக, பன்றிவாலைப் போல இருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று பொருள். தங்கூசி, அதாவது நைலான், நரம்பில் முடிச்சை உலர்ந்தபடி இறுக்கினால், உராய்வின் சூட்டிலேயே நரம்பு பாதி வலிமையை இழந்துவிடும். எச்சிலாலோ கடல்நீராலோ நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நுனி சொரசொரப்பாகப் பிசிறுவிட்டு, அதற்குச் சற்று மேலேயும் கீறல்கள் இருந்தால் கல்லில் உள்ள கொட்டலசு அறுத்திருக்கிறது. கொட்டலசின் விளிம்பு சவரக்கத்திக்குச் சமம். இழுவையில் இருக்கும் நரம்பு அதன்மேல் ஒரு முறை பட்டாலே போதும். இதற்கு மருந்து, முள்ளுக்கு முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தடித்த நரம்பைச் சேர்ப்பதும், மீன் கவ்வியவுடன் ராடை உயர்த்தி அதன் தலையைக் கல்லுக்குள் திரும்பவிடாமல் வெளியே கொண்டுவருவதும்தான். முதல் மூன்று விநாடியில் கலவாவைக் கல்லிலிருந்து பிரிக்காவிட்டால் அது பொந்துக்குள் செவுளை விரித்துக்கொண்டு நின்றுவிடும். பிறகு யாராலும் இழுக்க முடியாது.

நுனி கத்தரித்ததுபோல் நேராக இருந்தால் அது பல். ஊளியோ வஞ்சரமோ கடித்திருக்கிறது. முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டுங்கள். (சென்னை வாசகர்களுக்கு: அங்கே சீலா என்பது ஊளியைக் குறிக்கும், தெற்கே சீலா என்று கேட்டால் வஞ்சரத்தை வெட்டிக் கொடுப்பார்கள். கடிதத்தில் ‘சீலா’ என்று மட்டும் எழுதினால் எனக்குத் தங்கள் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.)

இன்னொன்று, ரீலின் இறுக்கம். நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்தாலே ரீல் நரம்பை வெளியே விடத் தொடங்க வேண்டும். 15 கிலோ நரம்பென்றால் 4 அல்லது 5 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து இதைச் சரிசெய்யலாம். மேலும், வெயில் தங்கூசியை மெல்ல மெல்லக் கெடுத்துவிடுகிறது. ஓராண்டாக மொட்டைமாடியில் கிடந்த நரம்பில் எழுதியிருக்கும் 15 கிலோவை நம்ப வேண்டாம்.

முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்க ஆசை. எந்த மாதம், எந்த இரை?
— கேளம்பாக்கம் வாசகர்

வடகிழக்குப் பருவமழையில் கழிவெளி நிரம்பி, வாயை மூடியிருந்த மணல்திட்டு உடைந்து கடலோடு சேர்ந்த பிறகு தொடங்கும் வாரங்கள் சிறந்தவை. ஆனால் உடைந்த அன்றே ஓட வேண்டாம். முதல் வெள்ளம் செந்நிறச் சேறாகவும் நன்னீராகவும் இருக்கும். அது வடிந்து, ஏற்றத்தின்போது பசுமை கலந்த கடல்நீர் உள்ளே புகத் தொடங்கும் வரை பொறுத்திருங்கள். வற்றத்தில் கழிவெளியிலிருந்து மடவைக் குஞ்சும் இறாலும் வெளியேறும். கொடுவா அவை வரும் வழியில், வேகமாக ஓடும் நீருக்கும் மந்தமான நீருக்கும் இடையே உள்ள எல்லையில் நிற்கும். உயிருள்ள மடவையை முதுகில் முள் குத்தி விடுவதைவிடச் சிறந்த இரை கிடையாது. செயற்கை மீன் விரும்புகிறவர் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒன்றை எடுத்து, தாம் நினைப்பதில் பாதி வேகத்தில் சுருட்டட்டும்.

கொடுவாவைப் பற்றி ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மீன் முதலில் ஆணாக முதிர்ச்சி அடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே தாங்கள் படம் எடுத்துப் பெருமையாகக் காட்ட விரும்பும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும், பொதுவாக 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியே இருக்கிறது. குழம்புக்கு நடுத்தர மீன்தான் சுவை என்பது என் கட்சி. பெரியதன் சதை சக்கைபோல் இருக்கும். மிகப் பெரியது மாட்டினால் நீரை விட்டு அதிக நேரம் வெளியே வைக்காமல், வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அசைக்கும் வரை நீரில் வைத்திருந்து விட்டுவிடுங்கள்.

காற்றே இல்லாத தெளிந்த நாளில், குளச்சல் பக்கம் பாறைமேல் நின்றிருந்தபோது திடீரென்று பெரிய அலை வந்து பையையும் ராடையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் தப்பியது கடவுள் செயல். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

தாங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. தங்கள் ஊர் மீனவர்கள் அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓசையில்லாமல் திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. அதனால்தான் இங்கே காற்றும் இல்லை, மேகமும் இல்லை. 2024 மே மாதத்தில் தங்கள் மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்ததும் இத்தகைய நாளில்தான்.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதற்கென முன்னறிவிப்பு வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பாருங்கள். கரைக்கு வந்தபின் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஐந்து முதல் எட்டு விநாடி என்றால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பதினைந்து விநாடியைத் தாண்டினால் தொலைவிலிருந்து வந்த அலை. அத்தகைய அலை நீரில் தாழ்வாகத் தெரிந்தாலும் பாறையில் மிக உயரம் ஏறும். அலைகள் கூட்டமாக வருவதால், பத்து நிமிடம் அமைதியாக இருந்ததை நம்பி இறங்கக் கூடாது. அரைமணி நேரம் மேட்டில் நின்று பார்த்துவிட்டு, நனைந்திருக்கும் பாறைகளைவிட உயரத்தில் உள்ள, காய்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள். உயிர்காப்பு மேலாடை அணிவதை வெட்கமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அலைத்தடுப்பில் அடுக்கியிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளின் இடுக்கில் விழுந்தவரை மேலே இழுப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு முறை பார்த்தபின் எனக்கு அந்த வெட்கம் போய்விட்டது.

‘தூண்டில் வளைவு’ என்று நாம் சொல்லும் கல் சுவர்களும் இப்படித்தான். முள்ளின் வளைவைப் போலக் கடலுக்குள் திரும்பியிருப்பதால் அந்தப் பெயர். தூண்டில் போடுவதற்குக் கட்டியவை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மண் அரிப்பைத் தடுக்கக் கட்டியவை அவை.

என் மகனுக்குக் கெளுத்தியின் முள் கையில் குத்தி, இரவு முழுவதும் வலியில் துடித்தான். ஐஸ் வைத்தோம். சரிதானா?
— நாகப்பட்டினம் வாசகி

அம்மா, ஐஸுக்கு மாறாகச் சூடுதான் வேண்டும். கடற்கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று முட்கள் உண்டு. அவற்றில் நஞ்சு இருக்கிறது. திருக்கையின் வால்முள்ளும், ஓராவின் துடுப்பு முட்களும் அப்படியே. இந்த நஞ்சு வெப்பத்தில் வலுவிழக்கும் தன்மை உடையது என்பதால், குத்திய கையைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். வலியில் இருக்கும் கைக்குக் கொதிநீரும் தெரியாது. பிறகு மருத்துவரிடம் காட்டி, முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் டெட்டனஸ் ஊசி போடுவதும் அவசியம். மார்பிலோ வயிற்றிலோ திருக்கை குத்தினால் வெந்நீரைத் தேடிக்கொண்டிராமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை கெளுத்தி வந்தால் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நரம்பை வெட்டிவிடட்டும். ஒரு தூண்டில் முள்ளின் விலை சில ரூபாய்தான்.

பேத்தை மீனை நன்றாகக் கழுவி வேகவைத்தால் சாப்பிடலாம் என்கிறாரே நண்பர்?
— எண்ணூர் வாசகர்

நண்பர் சொல்வதைக் கேட்க வேண்டாம். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கக்கூடிய நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும்கூட எறியாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நின்று தூண்டில் போடலாமா? இராமேசுவரம் செல்லவும் எண்ணியிருக்கிறேன், எங்கே போடலாம்?
— மதுரை வாசகர்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நடைமுறையில் இருக்கும் தடை, விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும் உரியது. கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுபவரை அது தடுப்பதில்லை.

இராமேசுவரத்தில் காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும்போது பெண்கடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். தீவு குறுகலாக இருப்பதால் ஒரு கரை சரியில்லை என்றால் அரைமணி நேரத்தில் மறுகரைக்குப் போய்விடலாம். இந்த வசதி தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. தனுஷ்கோடியில் மாலைக்குப் பின் தங்க அனுமதியில்லை என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

யாராவது படகில் தீவுக்கு அழைத்துப்போய்ப் பெரிய மீன் பிடிக்கக் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே கால் வைப்பதே குற்றம். கடல் அட்டையோ கடற்குதிரையோ தூண்டிலிலோ காலடியிலோ தட்டுப்பட்டாலும் எடுக்காதீர்கள். இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை.

கரைவலை இழுப்பவர்கள் எங்களைக் கண்டால் கடிந்துகொள்கிறார்கள். கடல் எல்லோருக்கும் பொதுதானே?
— மரக்காணம் வாசகர்

கடல் பொதுதான், ஆனால் அவர்கள் விரித்த வலை பொதுவன்று. கரைவலையின் இரண்டு கயிறுகளும் கரையில் பல நூறு மீட்டர் இடைவெளியில் நின்று, மெல்ல நெருங்கி வரும். அந்த வளையத்துக்குள் தாங்கள் வீசும் முள் வலையில் சிக்கினால் கண்ணி கிழிகிறது. அதைச் சரிசெய்ய அவர்களுக்கு அரை நாள் போகிறது. இழுப்பவர்களின் கையிலும் முள் ஏறுகிறது. கயிற்றைக் கண்டவுடன் நரம்பைச் சுருட்டிக்கொண்டு, மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறும் வரை ஒதுங்கி நில்லுங்கள். நீரோட்டம் அன்று வன்னியா தெண்டியா, அதாவது வடக்கிலிருந்து வருகிறதா தெற்கிலிருந்து வருகிறதா என்று அவர்களிடமே கேட்கலாம், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதைவிட நல்லது, ராடை மணலில் ஊன்றிவிட்டுக் கயிற்றில் ஒரு கை கொடுப்பது. நான் கொடுத்த நாட்களில் மடியிலிருந்து ஒரு கை காரலோ நெத்தலியோ கிடைத்திருக்கிறது. அதில் பாதியை இரையாக்கி, அவர்கள் போனபின் அதே இடத்தில் பாறை மீன் பிடித்திருக்கிறேன்.